குழாயடிப் புதினா

புதினா பூத்துப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? பெரும்பாலோர் பார்த்ததில்லை. கிள்ளிக்கொண்டே இருக்கிறோம், பாவம், அது பூக்கிற வயதுக்கே வருவதில்லை. கிள்ளாமல் விட்டால் இரண்டு மாதத்தில் கதிர் கதிராக, வெளிறிய ஊதா நிறத்தில் பூக்கும். பெரிய அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேனீக்களுக்கு அது விருந்து வீடு.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு "மொதல்லேர்ந்து சொல்லு" என்றீர்கள். முதல் பக்கத்தில் இருப்பது புதினாதான். கடையில் வாங்கிய கட்டில் பன்னிரண்டு தண்டை எடுத்து, தண்ணீரில் வேர் விடவைத்து, குழாயடியில் நட்டேன். பன்னிரண்டா பதினொன்றா என்று ஒரு சந்தேகம் வந்ததால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் நிறையக் கேள்விக்குறிகள் பார்ப்பீர்கள். எனக்கு எதிலும் அவ்வளவு சீக்கிரம் நிச்சயம் வராது. அப்புறம், நாற்பத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் மெதுவாகப் புரட்டுங்கள். அங்கே ஒரு காகித உறை ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பவை உதிர்ந்துவிடும்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அதற்குத் தக்கபடி வெட்டி, சட்டத்தில் பொருத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். ஆறு வருடமாக யாருக்கும் என்னால் தலைவலி வந்ததில்லை. காலை முறை வேலை. மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். வீடு என்றால் கீழ்த்தளத்தில் பின்பக்கம் இரண்டு அறை. மாடியில் வீட்டுக்காரரின் பழைய சாமான்கள் குடியிருந்தன. வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டாத குடித்தனம் அது ஒன்றுதான். என் அறைகளுக்குப் பின்னால் ஆறு மீட்டருக்கு நாலு மீட்டர் காலி மண். ஒரு மூலையில் குழாய். அவ்வளவுதான் சொத்து. அதுவும் என்னுடையது அல்ல.

மாலை வகுப்பில் சேர்ந்தது என் அக்காவால். அவள் தொலைபேசியில் என்னை நலம் விசாரிக்கும் விதம் தனி.

"நீச்சல் கத்துக்கறேன்ன. பாதிக் குளத்துல நின்னுட்ட. தட்டச்சு கத்துக்கறேன்ன. பாதி விசைப்பலகையில நின்னுட்ட. நீ எதையாவது முழுசா முடிச்சிருக்கியாடா, சோத்தைத் தவிர?"

"இந்தத் தடவை முடிப்பேன்க்கா."

"என்ன படிப்பு?"

"வாடகை வீட்டுல தேனீ, வண்ணத்துப்பூச்சியெல்லாம் வர்ற மாதிரி முற்றத்தை எப்படி வெச்சுக்கறதுன்னு."

"சரி, நீ ஈ ஓட்டத்தான் போறன்னு நெனச்சேன். நீ ஈயைக் கூப்புடப் போறியா" என்றாள்.

செவ்வாய், வியாழன், மாலை ஆறு முதல் எட்டு வரை வகுப்பு. ஒரு தொடக்கப் பள்ளியில், முழங்கால் தாடையில் இடிக்கும் பெஞ்சுகளில் உட்கார்ந்து படித்தோம். ஆசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் தேனீயம்மா. அவருக்கும் அது தெரியும். அவர் சொல்லிக்கொடுத்தவை எளிமையானவை. சொந்த மண் இல்லையென்றால் தொட்டியில் வையுங்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு ஓரத்தைக் கொத்தாமல் வெறும் மண்ணாக விடுங்கள். தனியாக வாழும் தேனீக்கள் அதில் துளை போட்டு முட்டையிடும். மருந்து அடிக்காதீர்கள். தண்ணீர் வையுங்கள். களை என்று நீங்கள் நினைப்பது வேறொருவரின் சாப்பாடு.

சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை. நூறு நாள் விடாமல் குறிப்பு எழுத வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று நூல் கட்டிய சதுரம். தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் அதன் எதிரே உட்கார்ந்து, வருகிற பூச்சிகளை எண்ண வேண்டும். ஐந்து கட்டங்கள்: நேரம், பூ, வருகை, காற்று, இடையூறு. முக்கியமான விதி, அசையக் கூடாது. அசைந்தால் நிழல் அசையும், பூச்சி கலையும், எண்ணிக்கை கெடும். நாய் குரைத்தால், வண்டி போனால், எழுந்து பார்க்காமல் இடையூறு கட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி அது. வாழ்க்கையில் பல நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் அசையாமல் நின்றிருக்கிறேன். முதல் தடவையாக அதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்பு குடியிருந்தவர்கள் அவருக்கு வைத்துவிட்டுப் போன பெயர் பளிச். நான் நேரில் அங்கிள் என்பேன். ஏதோ தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றது, தரம் பார்ப்பது ஓயவில்லை. மூன்று தெரு தள்ளி இருந்தார். சனிக்கிழமை தவறாமல் வருவார். வாசலில் செருப்பை நேர்க்கோட்டில் விடுவார். இடுப்புப் பையைக் கழற்றி, நான் எழுத வைத்திருக்கும் பிளாஸ்டிக் மேசையில் வைத்து, "தம்பி, இது இங்க இருக்கட்டும்" என்பார். பிறகு சுவர், ஓடு, ஜன்னல், சாக்கடை மூடி என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பார். கடைசியாகக் குழாய். உலகத்தில் அவருக்குப் பொறுக்காத ஒன்று உண்டென்றால் அது சொட்டும் குழாய்தான். ஒரு சொட்டு விழுந்தால் போதும், பேச்சு பாதியில் நிற்கும். நேரே போய், பார்க்காமலே கைப்பிடியைப் பிடித்து, விரல் கணு வெளுக்கும்வரை இறுக்குவார். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குழாய் சொட்டினாலும் அவர் உள்ளே புகுந்து இறுக்கிவிட்டு வருவார் என்று சொல்வார்கள். நல்ல பழக்கம். நான் குறை சொல்ல மாட்டேன்.

அனுமதி எழுத்தில் வாங்கினேன். "தொட்டியில் வைத்துக்கொள்ளலாம், குழாயடியில் சிறு செடிகள் வைக்கலாம், சுத்தமாக இருக்க வேண்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறது. அவர் கையெழுத்தும் பளிச்சென்றுதான் இருக்கும்.

முதல் வாரம் என் எண்ணிக்கை: பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். அந்த ஒன்றும் ஈயாக இருக்கலாம். கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் ஒரு திங்கட்கிழமை. வீட்டுக்காரரின் மனைவி மாடியிலிருந்து ஏதோ பாத்திரம் எடுக்க வந்தார். சதுரத்தில் நான் விதைத்திருந்த கடுகுச் செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, பிறகு வாடியது.

"அழகா இருக்கு தம்பி. ஆனா இதுக்குத் தேனீ வருமே?"

"வரணும்னுதான் ஆன்ட்டி வெச்சிருக்கேன்."

"அதில்லப்பா. அவருக்குத் தேனீ ஆகாது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணு கொட்டி, மூஞ்சி பூசணிக்கா ஆயிடுச்சு, மூச்சே நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில வெச்சு இழுத்துப் பிடிச்சாங்க. அடுத்த தடவை இன்னும் மோசமா வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வெளிய சொன்னா மானக்கேடுன்னு நினைக்கறாரு இந்த மனுஷன். ஒரு பூச்சிக்குப் பயந்தா கவுரவம் போயிடுமாம்."

அவர் அன்றைக்குத் தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். பேனா மாதிரி ஒரு ஊசி மருந்து. கொட்டிய உடனே மூடியைக் கழற்றி, தொடையில் வைத்து அழுத்தி, பத்து எண்ண வேண்டும். ஆன்ட்டியிடம் ஒன்று, அங்கிளின் இடுப்புப் பையில் ஒன்று. "நீயும் தெரிஞ்சு வெச்சுக்க தம்பி, சனிக்கிழமை சனிக்கிழமை இங்கதானே வர்றாரு" என்று மூடியைக் கழற்றாமலே என் தொடையில் இரண்டு தடவை அழுத்திப் பழக்கினார். நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். படம்கூட வரைந்திருக்கிறேன், பாருங்கள், அம்புக்குறியுடன்.

"செடியெல்லாம் ஓரமா வெச்சுக்கப்பா. அவர் நடக்கற வழியில வேண்டாம்."

"கண்டிப்பா ஆன்ட்டி" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நடைவழியில் ஒரு செடிகூட வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஓரத்துக்கு நகர்த்தினேன். ஓரத்தில்தான் குழாய் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும், அந்த இடத்தில் குழாய் வைத்தவர் அவர்.

நாற்பத்து மூன்றாம் நாள் சனிக்கிழமை. கடுகு பூத்து நாலாவது நாள். முந்தின நாள் எண்ணிக்கை பதினெட்டு; அதுவரை வந்ததிலேயே அதிகம். கடைவீதிக்குப் போய்விட்டு நாலேகாலுக்கு வந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து, முதுகில் கட்டிய டப்பாவால் மருந்து அடித்து முடித்து, டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் துணி, கையில் உறை, முழுக்கைச் சட்டை. கல்யாணத்துக்குப் போகிறவர்கூட அவ்வளவு கவனமாக உடுத்த மாட்டார்.

"களை மண்டிப் போச்சு தம்பி. சுத்தமா இருக்கணும்னு எழுதியிருக்கேன்ல?"

"அது கடுகு அங்கிள்."

"கடுகுன்னா டப்பாவுல இருக்கணும். தரையில இருந்தா அதுக்குப் பேரு களை."

நியாயமான வாதம். நாலரைக்கு வழக்கம்போல உட்கார்ந்தேன். விதிப்படி சதுரத்துக்குள் வருகிறவற்றை எண்ண வேண்டும். வந்தவை எல்லாம் மேலிருந்து வந்தன, விழுந்தன. சுழன்று சுழன்று முதுகால் தரையைத் தேய்த்தன. பதினைந்து நிமிடத்தில் நாற்பத்தொன்று. லென்ஸ் போடும் காகித உறையில் எடுத்துப் போட்டு ஒட்டிவைத்தேன். அதுதான் அந்த உறை. மருந்து அடித்ததற்குத் தேனீ பயமும் ஒரு காரணம் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் என்னிடம் அவர் களை என்றுதான் சொன்னார். மனதில் உள்ளதைச் சொல்லாதவர்களோடு பேசுவது கஷ்டம், ஐயா.

தேனீயம்மாவிடம் சொன்னேன். "வாடகைத் தோட்டம்னா அப்படித்தான் இருக்கும். மனசு தளராதே. மறுபடியும் போடு. அவர்கிட்டப் பேசு, மனுஷங்ககிட்டப் பேசினா தீராதது கொஞ்சம்தான்" என்றார். முதல் இரண்டையும் செய்தேன்.

புதினாவின் மேல் மருந்து அதிகம் படவில்லை. கழுவிவிட்டேன், பிழைத்துக்கொண்டது. அறுபதாம் நாள் வாக்கில் பூக்கத் தொடங்கியது. தேனீக்கள் திரும்பி வந்தன. அவை கோபத்தை மனதில் வைத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கை ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு. தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் அதைக் காலால் கவிழ்த்தார்.

"கொசு வளக்கறியா?"

"தேனீ குடிக்கும் அங்கிள்."

"தேனீக்குத் தண்ணி பந்தல் வெச்ச மொத ஆளு நீதான். பூச்சித் தம்பின்னு பேரு வெச்சுடறேன் உனக்கு."

வைத்துவிட்டார். அதன்பிறகு தெருவில் எல்லோருக்கும் நான் பூச்சித் தம்பி. எனக்கு வருத்தமில்லை. தட்டு கூடாது என்றால் வேறு வழி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குழாயைக் கால் திருகு தளர்த்திவிட்டேன். நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு. தேனீக்கள் குழாய் வாயில் வந்து குடித்தன.

எழுபத்தெட்டாம் நாள், சனிக்கிழமை. அவர் பேசிக்கொண்டே வந்தார், சொட்டு விழுந்தது, பேச்சு நின்றது, கை போனது, குழாய் இறுகியது. ஒரு தேனீ பறந்து அவர் புறங்கையில் உட்கார்ந்து, எழுந்து போய்விட்டது. அவர் கவனிக்கவே இல்லை. செடிப் பக்கம் போனால் தள்ளி நின்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிற மனிதர், குழாய் என்று வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார் என்பதை அன்று கவனித்தேன். நோட்டில் "கொட்டவில்லை" என்று எழுதினேன். அதற்கு முன்னால் ஒரு சொல் எழுதி அடித்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டார்களாமே. ஆமாம், "இன்னும்" என்றுதான் எழுதியிருந்தேன். நடை சரியில்லை என்று அடித்தேன்.

எண்பத்தைந்தாம் நாள், சனிக்கிழமை. அளவு நாடாவுடன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அடுத்த வாரம் கழிச்சு திங்கக்கிழமை இந்த முற்றம் முழுக்க சிமெண்ட் போடறோம். செவுத்துக்குச் செவுரு. மண்ணே கண்ணுல படக் கூடாது. கூட்டி விட்டா முகம் பாக்கலாம்."

விரலை மடக்கிப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை தொண்ணூற்று நாலாம் நாள்.

"ஏழு நாள் தள்ளிப் போடலாமா அங்கிள்? எனக்கு நூறு நாள் முடிஞ்சிடும்."

"என்ன நூறு நாள்?"

நோட்டைக் காட்டினேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டினார். தரம் பார்த்த கண்ணல்லவா, சும்மா இருக்குமா. "எங்க பாத்தாலும் கேள்விக்குறி போட்டிருக்க? உனக்கே நம்பிக்கை இல்லாத கணக்கு நூறு நாள் ஓடினா என்ன, தொண்ணூத்து மூணு நாள் ஓடினா என்ன?" என்று சிரித்தார். அளக்க வந்தவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்கும் கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அக்கா அழைத்தாள். "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "அதானே" என்றாள்.

அந்த ஒரு வாரத்தில்தான் நான் உண்மையாகவே முறையாக வேலை செய்தேன், ஐயா. எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றொன்று வரை படித்துப் பாருங்கள். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். குழாய்க் கைப்பிடியில் எதைச் சுற்றினால் தேனீ அதிகம் வருகிறது என்று சோதனை. ஒன்றும் சுற்றாமல்: மூன்று. பருத்தித் துணி: நாலு. கடற்பஞ்சு: ஏழு. சணல் சாக்கு: பதினொன்று. சாக்கில் ஒரு சிட்டிகை உப்பு கலந்த தண்ணீர் விட்டால்: பத்தொன்பது. தேனீக்கு லேசான உப்புத் தண்ணீர் பிடிக்கும் என்பது வகுப்பில் சொன்னதுதான். சாக்கைக் கைப்பிடியின் அடிப்பக்கம் மடித்துவிட்டால் நிழலில், ஈரத்தில், நிம்மதியாகக் குடிக்கின்றன. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பூச்சிகளுக்கு மறைவிடம் கொடுப்பது மிக அவசியம், ஏழாவது பாடம். மறைவிடம், உணவு, தண்ணீர். மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால் அதைவிடச் சிறப்பு இல்லை.

தேனீ தானாக வந்து கொட்டுகிற ஜாதி இல்லை. நசுக்கினால்தான் கொட்டும். அதுவும் ஏழாவது பாடம்.

தொண்ணூற்று இரண்டாம் நாள். அவர் வழக்கமாக நாலு மணிக்கு வருவார். அன்று நாலு இருபத்தெட்டுக்கு வந்தார். வழக்கமான நேரத்துக்கு வந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லாமல் போயிருக்கலாம் என்று சில நேரம் தோன்றுகிறது. நேரம் தவறாமை எவ்வளவு முக்கியம் பாருங்கள். செருப்பை நேராக விட்டார். இடுப்புப் பையைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இது இங்க இருக்கட்டும். என்ன, கடைசிக் கணக்கா?"

"ஆமா அங்கிள். நாலரைக்கு ஆரம்பிக்கணும்."

"எண்ணு எண்ணு. திங்கக்கிழமைலேர்ந்து சிமெண்டை எண்ணலாம்."

சிரித்துக்கொண்டே சுவரைத் தடவப் போனார். அன்று காற்று இருந்தது. நோட்டின் பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டது, எழுத முடியவில்லை. பக்கத்தின்மேல் பாரமாக ஏதாவது வைக்க வேண்டியிருந்தது. மேசையில் அந்தப் பைதான் இருந்தது. எடுத்து வைத்தேன். நாலரை ஆனது. அசையாமல் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருப்பதை அப்படியே படிக்கிறேன். நீங்கள் படித்ததுதான், இருந்தாலும் என் கையெழுத்து எனக்குத்தான் நன்றாகப் புரியும்.

நேரம்: நாலரை முதல் நாலே முக்கால் வரை. பூ: புதினா. காற்று: மிதம், மேற்கிலிருந்து. இடையூறு: 4.33, குழாய் இறுக்கப்பட்டது. 4.33, சத்தம், "ஐயோ". 4.34, சத்தம், "தம்பி, பை". 4.35, "தம்பி". 4.36, சத்தம், பேச்சு அல்ல. 4.38, சதுரத்தின் இடது ஓரத்தில் பாரம் விழுந்து புதினாத் தண்டுகள் ஏழு ஒடிந்தன. 4.41, சத்தம் இல்லை. வருகை: இருபத்தாறு.

இருபத்தாறு. தொண்ணூற்று இரண்டு நாளில் அதுதான் உச்சம்.

நாலே முக்காலுக்குப் பேனாவை மூடினேன். நாலு நாற்பத்தாறுக்கு ஆம்புலன்ஸை அழைத்தேன். முகவரி தெளிவாகச் சொன்னேன், திருப்பம்கூடச் சொன்னேன். வண்டிக்காரர்கள் வந்து பையைத் திறந்து, பேனா ஊசியை எடுத்து, மூடி கழற்றப்படாததைப் பார்த்தார்கள். "இது எங்க இருந்துது?" என்று ஒருவர் கேட்டார். "பக்கத்து மேல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. காட்டினேன். என் நாற்காலியிலிருந்து குழாய் மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். அளந்துதான் நாற்காலி போட்டிருந்தேன்.

நேற்று தேனீயம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவரைத் தொந்தரவு செய்திருக்க வேண்டாம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். "அசையாதேன்னு நான் சொன்னது பூச்சிக்காகப்பா. ஒரு மனுஷன் விழுந்தா எந்திரிக்கணும்னு அதையும் நான் தனியா சொல்லித் தரணுமா?" என்று கேட்டார். மரியாதைக்காக நான் பேசாமல் இருந்தேன். ஆனால் பாடத்திட்டத்தில் அது இல்லை என்பது உண்மை. முப்பத்திரண்டு பாடங்களையும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் காலையில் ஒன்று சுட்டிக்காட்டினீர்கள். பன்னிரண்டாம் நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது உள்ளே பால் பொங்கியது. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். ஐம்பத்தேழாம் நாள் தபால்காரர் கூப்பிட்டார். எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளும் "தடைபட்டது, மறுபடி தொடக்கம்" என்று எழுதி, புதிதாகப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். சான்றிதழுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, தேனீயம்மாவே சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்படியானால் அன்றும் எழுந்திருக்கலாமே என்றீர்கள். பாலுக்கு எழுந்தவன் அவருக்கு எழுந்திருக்கக் கூடாதா என்றீர்கள்.

நான் இரவெல்லாம் யோசிக்கவில்லை, நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் நீங்கள் கேட்டதும் யோசித்தேன். எழுந்திருக்கலாம்தான். குழாயைத் தளர்த்தியது நான். சாக்கைச் சுற்றியது, உப்புத் தண்ணீர் விட்டது, நிழலுக்கு மடித்தது, எல்லாம் நான். பையை மேசையிலிருந்து எடுத்தபோது உள்ளே அந்தப் பேனா விரலில் தட்டுப்பட்டது. பாரம் போதுமா என்று தூக்கிப் பார்த்தேன். போதும். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள். நான் செய்தது முற்றத்தில் செடி வைத்தது. எழுத்தில் அனுமதி இருக்கிறது.

அவர் மனைவி திங்கட்கிழமையே சிமெண்ட் போடச் சொல்லிவிட்டாராம். புதினாவை வேரோடு பிடுங்கி, சுவருக்குச் சுவர் பூசிவிட்டார்கள். முகம் பார்க்கலாமாம். அந்த அம்மாள் அங்கே நின்று பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன். ஓரமாகத்தான் வைத்தேன் என்று. அப்புறம், நூறு நாளுக்கு எட்டு நாள் பாக்கி இருக்கிறது. அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

கடைசியாக நீங்கள் கேட்டது. எல்லாப் பக்கத்திலும் கேள்விக்குறி இருக்கிறது, தொண்ணூற்று இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஏன் இல்லை என்றீர்கள். அதுவரை நானே கவனிக்கவில்லை. அன்று எனக்கு எதிலும் சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது. ஆனால் நான் எதையோ மறைத்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஐயா. கொட்டிய தேனீ பிழைப்பதில்லை; கொடுக்கு கழன்றுவிடும். அன்று மாலை என் முற்றத்தில் ஒரு சாவு நடந்தது, அதற்கு நான்தான் காரணம், அதை அன்றே பக்கத்தின் அடியில் தெளிவாக எழுதியிருக்கிறேன். இறப்பு: தேனீ, ஒன்று.